ஒப்புவிக்க மறுத்தவர்கள்

ஓய்வு பெற்றவர்கள்தான் அனுபவக் கட்டுரை எழுத வேண்டும் என்று ஒரு வழக்கம் இருக்கிறது. எனக்கு முப்பத்திரண்டு வயது. ஆனாலும் எழுதுகிறேன். இந்த வருடத்தோடு பல்கலைக்கழகத்தின் ஆங்கிலத் துறையில் டியூட்டர் வேலைகளை நிறுத்திவிட்டார்கள். எங்களைக் கூப்பிட்டுத் தேநீரும் கேக்கும் தந்து, நல்ல வார்த்தை நாலு சொல்லி அனுப்பினார்கள். வேலைக்குத்தான் ஓய்வு வந்தது. எனக்கு வரவில்லை.

கேக் வெட்டிய அன்று புதிதாகச் சேர்ந்த ஆராய்ச்சி மாணவர்கள் இரண்டு பேர் என்னிடம் வந்து கேட்டார்கள்: "நீங்கள் எல்லாரும் ஒரு அறைக்குள் இருந்து விடைத்தாள்களைச் சத்தமாக வாசிப்பீர்களாமே, உண்மையா? நேரம் வீண்தானே?" இப்போது புள்ளி போடுவதற்கு அச்சடித்த தாள் ஒன்று வந்திருக்கிறது. கட்டங்களில் சரி போட்டால் வேலை முடிந்தது. அன்றைக்கு அவர்களுக்கு "வீண் இல்லை" என்று மட்டும் சொன்னேன். மிச்சத்தை இங்கே சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். அப்பாவுக்கு மன்னாரில் கடல் தொழில். அம்மாவுக்குக் கையெழுத்துக் கிடையாது, கைநாட்டுத்தான். சண்டையில் ஊரை விட்டோம். அண்ணா முதலில் ஒக்லாந்துக்கு வந்து, ஒடாஹுஹுப் பக்கம் ஒரு இறைச்சித் தொழிற்சாலையில் வேலை செய்து என்னைக் கூப்பிட்டார். பகலில் படித்தேன், பின்னேரங்களில் ஒரு சலவைக் கடையில் நின்றேன். பி.ஏ. முடித்தேன், எம்.ஏ. முடித்தேன். படித்த கதை இவ்வளவுதான். கஷ்டப்பட்டுப் படித்தேன் என்று சொன்னால் கேட்பவர்கள் இரக்கப்படத் தொடங்கிவிடுவார்கள். என் எம்.ஏ.க்கு இரக்கம் தேவையில்லை, அது முதல் வகுப்பு.

என்னை டியூட்டராக எடுத்தவர் பேராசிரியர் ஏர்லின் டாசன். அமெரிக்காவின் தென்பகுதியில் பிறந்த கறுப்பினப் பெண். அவருடைய தாய் வெள்ளைக்காரப் பிள்ளைகள் படித்த பள்ளிக்கூடத்தில் சமையல் செய்தார். அந்தப் பள்ளிக்கூடத்துக்குள் மகள் மாணவியாகக் காலடி வைக்க முடியாது. மகள் கறுப்பர்களுக்கென்று இருந்த கல்லூரியில் படித்து, வடக்கே போய் டொக்டர் பட்டம் எடுத்து, பல வருடங்கள் படிப்பித்து, பேராசிரியராகவும் துறைத் தலைவராகவும் ஒக்லாந்துக்கு வந்திருந்தார். "இவ்வளவு தூரம் ஏன் வந்தீர்கள்?" என்று விருந்தொன்றில் யாரோ கேட்டபோது, "வேலைக்கு விண்ணப்பித்தேன், தந்தார்கள். உங்களுக்கு எப்படிக் கிடைத்தது?" என்று திருப்பிக் கேட்டார். கேட்டவர் அந்தப் பக்கமாகத் தண்ணீர் குடிக்கப் போய்விட்டார்.

இந்த நாட்டில் துறைத் தலைவரையும் மாணவர்கள் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். அதை ஒரு பெருமையாகவே சொல்லிக்கொள்வார்கள். டாசன் அதற்குச் சம்மதிக்கவில்லை. அவர் எல்லாரையும் பட்டத்தோடு கூப்பிட்டார். நான் 'மிஸ் குரூஸ்'. துறையைத் துப்புரவு செய்ய வரும் சமோவாத் தீவுக்காரர் 'மிஸ்டர்'. முதல் வருட மாணவியும் 'மிஸ்'. தன்னையும் பட்டத்தோடுதான் கூப்பிட வேண்டும் என்றார்.

எங்கள் துறையில் டொக்டர் ஹார்டிங் என்று ஒருவர் இருந்தார். கெட்ட மனிதர் இல்லை. மாணவர்களோடு வெறுங்காலுடன் புல்லில் இருந்து பாடம் நடத்துவார். ஒரு நாள் கூட்டத்தில் அவர் சிரித்துக்கொண்டே, "நாங்கள் இங்கே எல்லாரும் சிநேகிதர்கள், ஏர்லின்" என்றார்.

"என் அம்மாவுக்கு ஐம்பது வயது ஆனபோதும் பத்து வயதுப் பிள்ளைகள் பேர் சொல்லித்தான் கூப்பிட்டார்கள், டொக்டர் ஹார்டிங்" என்றார் டாசன். "எங்கள் குடும்பத்துக்கு அந்தச் சிநேகம் போதும்."

அதன் பிறகு அவருக்குத் திமிர் பிடித்தவர் என்று பெயர் வந்தது. எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

விடைத்தாள் வாசிப்புக்கு வருகிறேன். பரீட்சை முடிந்ததும் டியூட்டர்கள் எல்லாரும் டாசனின் அறையில் கூடுவோம். அதற்கு முன்பே ஒவ்வொரு தாளையும் ஒருவர் தனியாக வாசித்துப் புள்ளி போட்டிருப்பார், ஆனால் அந்தப் புள்ளியைத் தாளில் எழுதக்கூடாது. பெயர் உள்ள மூலையை மடித்துக் கிளிப் குத்தியிருக்கும். சந்தேகமான தாள்கள், மிக நன்றாகவோ மிக மோசமாகவோ வந்த தாள்கள், எல்லாம் மேசைக்கு வரும். தாளைத் திருத்தியவர் அதை வாசிக்கக்கூடாது, வேறு ஒருவர் வாசிக்க வேண்டும். நடித்து வாசிக்கக்கூடாது, எழுத்துப் பிழையில் நின்று சிரிக்கக்கூடாது. கேட்பவர்கள் பேனாவைக் கீழே வைத்துவிட வேண்டும். முடிந்ததும் துண்டுத் தாளில் ஆளாளுக்குப் புள்ளியை எழுதி ஒன்றாகத் திருப்புவோம். அதிகம் வித்தியாசப்பட்டால் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் திரும்பவும் வாசிக்க வேண்டும். எல்லாம் முடிந்த பிறகுதான் இஞ்சி பிஸ்கட் டின் திறக்கும்.

இரண்டு பேச்சு அந்த அறையில் ஆகாது. ஒன்று, 'அவளின் நிலைமைக்கு.' மற்றது, 'இரண்டாவது மொழியில் எழுதுகிறவனுக்கு.' நான் ஒரு முறை தொங்கா தீவிலிருந்து வந்த ஒரு மாணவனுடைய தாளுக்கு, "அவன் வந்த பள்ளிக்கூடத்துக்கு இது நல்ல விடை" என்று சொல்லிவிட்டேன். டாசன் கண்ணாடியைக் கழற்றினார்.

"மிஸ் குரூஸ், உங்கள் எம்.ஏ.யையும் யாராவது அப்படித் திருத்தியிருந்தால் சொல்லுங்கள். நான் அதைத் திரும்ப வாசிக்கிறேன்."

எனக்குக் காது சுட்டது. அந்தத் தாளைத் திரும்ப வாசித்தோம். அது எந்தப் பள்ளிக்கூடத்துக்கும் நல்ல விடைதான்.

இனி ஜெசிந்தாவின் கதை. ஜெசிந்தா லெம்பேட் எங்கள் ஊர்ப்பக்கப் பிள்ளை. ஒடாஹுஹுவில் தாயோடு இருந்தாள். ஒரு சூப்பர் மார்க்கெட்டில் பின்னேர வேலை. அது அவளுடைய கடைசி வருடம். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது, இந்த ஒரு பரீட்சையில் தேறினால் போதும்.

அந்தப் பரீட்சைக்குப் புத்தகம் கொண்டுபோகக்கூடாது. ஜெசிந்தாவின் விடைத்தாளில், பாடமாக இருந்த ஆங்கில நாவலிலிருந்து ஒரு பக்கத்துக்கும் மேலான பகுதி அப்படியே இருந்தது. கதாநாயகி முதன்முதலாக அந்தப் பெரிய வீட்டுக்கு வந்து சேரும் இடம். அதைத் திருத்தியவள் நான். மேற்கோள் கூடிவிட்டது, சொந்த விளக்கம் குறைந்துவிட்டது, பி பிளஸ் என்று நினைத்துக்கொண்டேன். மனப்பாடமாக்கி எழுதியிருக்கிறாள் என்பதில் எனக்கு ஆச்சரியமே வரவில்லை. நாங்கள் அப்படித்தானே படித்தோம்.

அந்த நாவலைப் படிப்பித்தவர் ஹார்டிங். அதனால் கடைசிப் பார்வைக்குத் தாள் அவரிடம் போனது. அவர் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்து, நாவலில் உள்ள ஒவ்வொரு வரியின் கீழும் பென்சிலால் கோடு போட்டார். பக்கம் முழுக்கக் கோடு. "இவ்வளவை யாரும் மனதில் வைத்திருக்க முடியாது. எழுதிய தாளை உள்ளே கொண்டுபோயிருக்கிறாள்" என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அவளுடைய பரீட்சை முடிவு நிறுத்திவைக்கப்பட்டது. விசாரணைக்கு மூன்று பேர் கொண்ட குழு ஒன்று போட்டார்கள்.

எனக்கு இது சின்ன விஷயமாகப் பட்டது. ஜெசிந்தாவைக் கூட்டிக்கொண்டு டாசனிடம் போனேன்.

"அவளுக்கு அந்தப் பகுதி இன்னும் மனப்பாடம். நாளைக்குக் குழுவின் முன்னால் ஒப்புவிக்கட்டும். ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும்" என்றேன்.

"இல்லை" என்றார் டாசன்.

அவருக்கு விளங்கவில்லையோ என்று நான் திரும்பச் சொன்னேன். அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"என் அப்பா வாக்காளராகப் பதியப் போனார். எங்கள் ஊரில் கறுப்பன் பதிய வேண்டுமென்றால் சட்டத்தின் ஒரு பகுதியைச் சொல்லிக் காட்ட வேண்டும். அப்பாவுக்கு வாசிக்க அவ்வளவு வராது. நான் வாசிக்க, அவர் கேட்டுக் கேட்டுப் பாடமாக்கினார். மேசைக்கு முன்னால் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு சொல் பிசகாமல் சொன்னார். நான் பக்கத்தில் நின்றேன். அந்த எழுத்தர் என்ன செய்தார் தெரியுமா? நல்லது, இனி இதற்கு விளக்கம் சொல் என்றார். அப்பா விளக்கம் சொன்னார். எழுத்தருக்கு அந்த விளக்கம் பிடிக்கவில்லை." அவர் ஜெசிந்தாவைப் பார்த்தார். "மிஸ் லெம்பேட், நீங்கள் ஒப்புவிக்க விரும்பினால் தடுக்க எனக்கு உரிமையில்லை. ஆனால் நான் உங்களை ஒப்புவிக்கச் சொல்ல மாட்டேன். குற்றம் சொன்னவர் நிரூபிக்கட்டும்."

எனக்குக் கோபம் வந்தது. "இது உங்கள் ஊர் இல்லை. இது அவளின் ஒரு வருடம். உங்கள் கொள்கைக்காக அவள் அதைக் கொடுக்க வேண்டுமா?"

"அதனால்தான் முடிவு மிஸ் லெம்பேட்டுடையது என்கிறேன்" என்றார். குரல் உயரவில்லை. "என்னோடு சண்டை பிடிப்பதை நாளைக்கும் கொஞ்சம் மிச்சம் வையுங்கள், மிஸ் குரூஸ். அங்கே தேவைப்படும்."

பஸ்ஸில் ஒடாஹுஹு வரும் வரைக்கும் நான் பொருமிக்கொண்டே வந்தேன். ஜெசிந்தா யன்னலோரம் இருந்தாள்.

"அக்கா, நான் சொல்லிக் காட்டினா விட்டிடுவினமோ?"

"ஓம். பிறகு என்ன செய்வினம்?"

"எங்கட கடையில ஒவ்வொரு நாளும் வேலை முடிய பையைத் திறந்து காட்டோணும். வெள்ளைப் பெட்டையளைக் கேக்கிறேல்லை. என்னையும் அந்தத் தொங்காப் பிள்ளையையும்தான் கேக்கிறவை. நானும் திறந்து காட்டுறன். உள்ளுக்கை ஒண்டும் இல்லை. அடுத்த நாளும் திற எண்டுதான் சொல்லுகினம்."

"அது வேற, இது வேற."

"என்னக்கா வேற?"

பஸ் நின்றது. அவள் இறங்கும்போது, "நான் சொல்லிக் காட்டேல்லை அக்கா. அம்மாட்டை மட்டும் சொல்லிப்போடாதேங்கோ, மனுசி வேளாங்கண்ணிக்கு நேத்திக்கடன் வைச்சிடும்" என்றாள்.

அடுத்த நாள் விசாரணை. குழுத் தலைவர் பீடத்தின் துணைத் தலைவர், மரியாதையான மனிதர். பரீட்சை மண்டப மேற்பார்வையாளர் வந்து, தான் எதையும் காணவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். ஹார்டிங் கோடு போட்ட தாளைக் காட்டினார். பிறகு ஜெசிந்தாவின் பக்கம் திரும்பி மெதுவாக, "இதை லேசாக முடித்துவிடலாம், ஜெசிந்தா. உனக்கு மனப்பாடம் என்றால் கொஞ்சம் சொல்லு. எனக்கும் சந்தோஷமாக இருக்கும்" என்றார்.

"முடியாது" என்றாள் ஜெசிந்தா.

"முடியாதா, விருப்பமில்லையா?"

"விருப்பமில்லை."

குழுவில் ஒருவர் பேனாவால் எதையோ குறித்துக்கொண்டார். அந்த நேரத்தில் டாசனை நான் வெறுத்தேன் என்றே சொல்லலாம்.

டாசன் எழுந்தார். "என் துறையில் ஒரு விடைத்தாளைப் பற்றி முடிவெடுக்கும் முன் அதை முழுதாக வாசித்துக் கேட்பது வழக்கம். இங்கே இருப்பவர்கள் கோடுகளைப் பார்த்திருக்கிறீர்கள். தாளை யாரும் இன்னும் வாசித்துக் கேட்கவில்லை. மிஸ் குரூஸ் இதைத் திருத்தியவர், அதனால் நான் வாசிக்கிறேன். பேனாக்களைக் கீழே வையுங்கள்."

குழுத் தலைவர் மணிக்கூட்டைப் பார்த்தார். ஆனாலும் பேனாவை வைத்தார்.

டாசன் வாசித்தார். தேவாலயத்தில் வாசகம் வாசிப்பது போல, ஏற்றமும் இல்லை இறக்கமும் இல்லை. மழை விட்டிருக்கிறது, வாசல் கேட் திறந்து கிடக்கிறது. படிக்கட்டுக்கு யாரும் வரவில்லை, நாயும் குரைக்கவில்லை. வேலைக்காரி விளக்கோடு படிக்கட்டில் இறங்கி வருகிறாள்.

நான் நிமிர்ந்தேன். யாரும் வரவில்லை என்ற பிறகு விளக்கோடு ஒருத்தி எப்படி வருவாள்?

தனியாக இருந்து திருத்தியபோது என் கண் அதைத் தாண்டிப் போயிருந்தது. எல்லாமே நாவலின் வரிகள், எல்லாமே பழகிய வரிகள். காதில் விழுந்தபோதுதான் இடறியது. இடறியதும் எனக்கு விளங்கிவிட்டது.

மன்னாரில் பூசை கண்ட எந்தப் பிள்ளைக்கும் இது விளங்கும். எங்களுக்கு விசுவாசப் பிரமாணம் என்ற ஜெபம் இரண்டு இருக்கிறது, சின்னது ஒன்று, பெரியது ஒன்று. இரண்டிலும் போஞ்சு பிலாத்து என்ற பழைய ஆளுநரின் பேர் வரும். சின்னதைச் சொல்லத் தொடங்கிய பிள்ளை பிலாத்துவிடம் வந்ததும் தன்னை அறியாமல் பெரியதற்குள் போய்விடும். இரண்டு வரி போன பிறகு ஜெபம் படிப்பிக்கும் சிஸ்டரின் முகத்தைப் பார்த்து, பழைய வழிக்குத் திரும்பி ஓடிவரும். நானும் போயிருக்கிறேன். பாடமாக்கிய ஆளுக்கு மட்டும் வருகிற பிழை அது. புத்தகத்தைப் பார்த்துச் சொல்லும் பிள்ளைக்கு அது வரவே வராது.

டாசன் வாசித்து முடித்ததும் நான் எழுந்தேன்.

"டொக்டர் ஹார்டிங், கதாநாயகி வீட்டை விட்டுப் போகும் அத்தியாயத்தை எடுங்கள். கடைசிக்குக் கிட்ட. அதுவும் மழை விட்டதிலும் கேட் திறந்து கிடந்ததிலும்தான் தொடங்கும்."

அவருக்குப் புத்தகம் நன்றாகத் தெரியும். உடனே பக்கத்தைப் பிடித்தார். "ஓம், அது வேண்டுமென்றே செய்தது. வருகையும் போக்கும் ஒரே வாக்கியத்தில் தொடங்கும். நானே இதை வகுப்பில்..."

"யாரும் வரவில்லை, நாய் குரைக்கவில்லை. அது எங்கே இருக்கிறது?"

அவர் வாசித்தார். புத்தகத்தின் முன்பக்கத்துக்குப் போனார். திரும்பப் பின்பக்கத்துக்கு வந்தார்.

"போகும் அத்தியாயத்தில்" என்றார்.

"தாளைப் பார்த்து எழுதுகிறவள், வருகைப் பகுதியின் நடுவில் புத்தகத்தின் கடைசிக்குப் போய் இரண்டு வரி எடுத்துக்கொண்டு திரும்பி வருவாளா? வந்தால், யாரும் வரவில்லை என்று எழுதிவிட்டு அடுத்த வரியில் விளக்கோடு ஆளைக் கூட்டிவருவாளா? இது கையில் புத்தகம் இல்லாதவளின் பிழை. ஒரே மாதிரித் தொடங்குகிற இரண்டு பாடத்தைப் பாடமாக்கினால் இது வரும். எங்கள் பிள்ளைகள் எல்லாருக்கும் வந்திருக்கிறது. ஜெபங்களில்."

ஹார்டிங் தாளை எடுத்து அந்த இரண்டு வரியின் கீழ் இருந்த தன் பென்சில் கோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் நேர்மையானவர், அதை மறைக்க மாட்டேன். "குற்றச்சாட்டைத் திரும்பப் பெறுகிறேன்" என்றார்.

குழுத் தலைவர் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டார். அவருக்கு நிம்மதி. எல்லாம் நல்லபடி முடிந்த முகத்தோடு ஜெசிந்தாவைப் பார்த்துச் சிரித்தார்.

"மிகவும் நல்லது. ஆனாலும், இவ்வளவு தூரம் வந்துவிட்டோம். எங்கள் மனத் திருப்திக்காக அந்தப் பகுதியின் அர்த்தத்தை உன் சொந்த வார்த்தையில் இரண்டு வசனம் சொல்லேன்?"

நான் டாசனைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. நேராக அந்த மனிதரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நேற்றுச் சாத்திய கதவுக்குப் பின்னால் அவர் சொன்னது இப்போதுதான் எனக்குள் இறங்கியது. நல்லது, இனி இதற்கு விளக்கம் சொல்.

"பரீட்சை ஏற்கெனவே முடிந்துவிட்டது, சேர்" என்றேன். "அர்த்தத்தை அவள் அதிலேயே எழுதியிருக்கிறாள். பி பிளஸ். கேட்பதற்கு இனி ஒன்றும் இல்லை." பிறகு அந்த அறையில் முதல் தடவையாக அவளை அப்படிக் கூப்பிட்டேன். "வாருங்கள், மிஸ் லெம்பேட்."

நாங்கள் எழுந்தோம். டாசன் எங்களுக்கு முன்னால் போய்க் கதவைத் திறந்து பிடித்தார். அடுத்த வருட ஒப்பந்தத்தில் என் வேலை மணித்தியாலங்கள் குறைந்தன. காரணம் யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. டாசன் தன் முதலாம் வருட வகுப்பு ஒன்றை என்னோடு பிரித்துக்கொண்டார். அதற்கு நன்றி சொல்லப் போனபோது, "உதவி இல்லை, அந்த வகுப்பில் எனக்குத் தாள் அதிகம்" என்றார்.

இந்த வருட முடிவில் அவரும் ஓய்வு பெற்றார். பிரிவு விழாவில் புதிய துறைத் தலைவர் பேசும்போது, "எங்கள் அன்பான ஏர்லின்" என்று தொடங்கினார். பின்வரிசையில் இருந்து ஒரு குரல், "பேராசிரியர் டாசன்" என்றது. என் குரல்தான். துறைத் தலைவர் ஒரு கணம் நின்று, திருத்திச் சொன்னார். டாசன் முன்வரிசையில் தலையைத் திருப்பவில்லை. தோள் மட்டும் கொஞ்சம் அசைந்தது. சிரித்தார் என்று வைத்துக்கொள்கிறேன்.

எனக்குக் கட்டம் போட்ட தாள் வேண்டாம். தவணை தொடங்கும்போது தெற்கு ஒக்லாந்தில் ஒரு உயர்நிலைப் பள்ளிக்கூடத்துக்குப் போகிறேன். கிளிப் பெட்டி ஒன்று வாங்கிவிட்டேன். ஜெசிந்தா அங்கே ஏற்கெனவே படிப்பிக்கிறாள். வாசிப்புக்கு இரண்டு பேர் போதும்.

விசாரணை நடந்த அன்று நாங்கள் இருவரும் ஒன்றாகத்தான் பஸ்ஸில் திரும்பினோம். பள்ளிக்கூடம் விட்ட நேரம், பஸ் நிறைய ஆட்கள்.

"பி பிளஸ்தானோ அக்கா? இவ்வளவு சண்டை பிடிச்சதுக்கு ஒரு ஏ போட்டிருக்கலாம்."

"மேற்கோள் கூடிப்போச்சு. விளக்கம் காணாது."

"ஓம், அது சரிதான்" என்றாள்.

பிறகு கம்பியைப் பிடித்துக்கொண்டு, நின்ற நிலையில், அந்தப் பகுதியை ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கினாள். மெல்ல இல்லை, நல்ல சத்தமாக. முன் இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்தார். பள்ளிக்கூடப் பெட்டைகள் இரண்டு பேர் ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டார்கள். அவள் நிறுத்தவில்லை. யாரும் சொல்லு என்று கேட்கவில்லை, அதனால் அவளுக்குச் சொல்ல விருப்பமாக இருந்தது. மழை விட்டது, கேட் திறந்து கிடந்தது. அங்கே வந்ததும் அதே இடத்தில் வழி மாறினாள். யாரும் வரவில்லை, நாய் குரைக்கவில்லை, வேலைக்காரி விளக்கோடு இறங்கி வந்தாள்.

நான் திருத்தவில்லை. ஒடாஹுஹு வரும் வரைக்கும் கேட்டுக்கொண்டே வந்தேன்.